பழைய காரின் கியர்ப் பெட்டி

சரித்திரம் என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மனிதர் கையாளும் பொருள்களுக்கும் சரித்திரம் உண்டு. சில சமயம் ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், ஏட்டில் எழுதப்படாத செய்திகள் அதனுள் கிடைக்கின்றன. அத்தகைய பெட்டி ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தில்லியிலும் கல்கத்தாவிலும் குளிர்காலத்தில் நடைபெறும் பழைய கார்களின் அணிவகுப்பை, அந்நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலர் கண்டிருப்பர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை 1964-ஆம் ஆண்டு தில்லியிலும், 1968-ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் தொடங்கி வைத்த வழக்கம் அது. பளபளக்கும் பித்தளை விளக்குகளையும், வெள்ளி போல் மின்னும் முகப்பையும், தோல் தைத்த இருக்கைகளையும் மக்கள் கண்டு மகிழ்கின்றனர். இருக்கைக்குக் கீழே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் கியர்ப் பெட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் கார் தன் காலால் நடந்து வந்ததா, லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான்.

பெட்ரோல் எஞ்சினுக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். பெட்ரோல் எஞ்சினோ குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போதுதான் பலம் பெறும். மெதுவாகச் சுழன்றால் திணறி நின்றுவிடும். ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழலவும் சக்கரம் மெதுவாகச் சுழலவும் இடையில் ஓர் ஏற்பாடு வேண்டும். நெம்புகோலில் கை அதிக தூரம் நகர்ந்தால் மறுமுனையில் பாரம் சிறிதே நகரும். ஆனால் பெரும் பாரம் நகரும். பற்சக்கரங்களின் தத்துவமும் அதுவே. சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறைகிறது, இழுக்கும் வலிமை கூடுகிறது.

இதனை மோட்டார் வண்டியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், பிரான்சு நாட்டுப் பானார் லெவஸார் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் லெவஸார். 1890-களில் அவர், வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைத் தண்டின்மீது நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் முறையைக் கையாண்டார். அது முரட்டுத்தனமான முறை, ஆயினும் வேலை செய்கிறது என்று அவரே கூறினாராம். சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு சக்கரங்களின் பற்களை நேருக்கு நேர் மோதவிட்டுப் பிணைப்பது முரட்டுச் செயல்தானே?

அந்நாளைய காரோட்டியின் கலை இங்கேதான் பிறந்தது. கியரை மாற்றுமுன் அவன் கிளச்சை ஒருமுறை மிதித்துக் கியரை விடுவிப்பான். பின்னர்க் கிளச்சை விட்டு, எஞ்சினின் வேகத்தை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்வான். மறுபடியும் கிளச்சை மிதித்து அடுத்த கியரைக் கோப்பான். இரண்டு சக்கரங்களின் வேகமும் ஒத்திருந்தால் நெம்பு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கும். ஒத்திராவிட்டால் பற்கள் நறநறவென்று கடிக்கும். காதும் காலும் கையும் ஒன்றுபட்டு வேலை செய்தால்தான் இது கைகூடும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் காரை விற்றதோடு நில்லாமல், காரோட்டிகளுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியையும் நடத்தியதன் காரணம் இப்போது விளங்கும்.

பழைய கியர்ப் பெட்டியைப் பழுதுபார்ப்பவர் முதலில் படிப்பது இந்தக் காரோட்டியின் கைவரிசையைத்தான். பற்களின் பக்கவாட்டு முகம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது வயதின் தேய்மானம். பற்களின் முனை நொறுங்கி மழுங்கியிருந்தால் அது அவசரக்காரரின் கைவேலை. ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் புதிதுபோல் இருந்தால், அதனை யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருள். எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கார் ஓட்டிய விதம் இப்படி எஃகில் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

ரோல்ஸ் ராய்ஸின் புகழ்பெற்ற 40/50 குதிரைசக்திக் கார் 1906-ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அது 'ஸில்வர் கோஸ்ட்' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. 1908-ஆம் ஆண்டு பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே நடந்த சோதனை ஓட்டத்தில் இவ்வகைக் கார் ஒன்று கலந்துகொண்டது. 'கீழ்த்திசை முத்து' என்னும் பொருள்படும் பெயர் கொண்ட அந்தக் கார் மலைக் கணவாய்களைக் கடந்து வெற்றி கண்டது. பின்னர் குவாலியர் மகாராஜாவின் உடைமையாயிற்று. இந்திய சமஸ்தானங்களுக்கும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் இடையே வளர்ந்த நீண்ட உறவின் தொடக்கங்களில் அது ஒன்று.

அந்தக் காரின் கியர்ப் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. முதலில் அதில் நான்கு கியர்கள் இருந்தன. 1909-ஆம் ஆண்டு அவை மூன்றாகக் குறைக்கப்பட்டன. எஞ்சின் அவ்வளவு வலிமையுள்ளது, மூன்றே போதும் என்பது எண்ணம். 1912-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைச் சோதனை ஓட்டம் நடந்தது. ஜேம்ஸ் ராட்லி என்பவர் தம் சொந்தப் பொறுப்பில் தம் காரை அதில் ஓட்டிச் சென்றார். காட்ஷ்பெர்க் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் அந்தக் கார் நின்றுவிட்டது. உலகத்தின் தலைசிறந்த கார் என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டி, பயணிகள் கீழே இறங்கி வழிவிட்ட பிறகே மேலே ஏறியது. குறை எஞ்சினில் இல்லை. தாழ்ந்த முதல் கியர் ஒன்று இல்லாததே குறை. நிறுவனம் அந்த அவமானத்தை மூடி மறைக்கவில்லை. நான்கு கியர்ப் பெட்டியை மீண்டும் அமைத்து, 1913-ஆம் ஆண்டு அதே மலைக்குத் தன் கார்களை அனுப்பி நற்பெயரை மீட்டது. இன்று 1912-ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் மூன்று கியர்ப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டுவதற்கு வசதியென்று வேறொன்றைப் பொருத்துபவர், அந்த மலையேற்றத்தின் சாட்சியத்தையே அழித்துவிடுகிறார்.

1924-ஆம் ஆண்டில் கியர்ப் பெட்டிக்குப் புதிய பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. அவ்வாண்டில் ரோல்ஸ் ராய்ஸ் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் அமைத்தது. கனமான காரை நிறுத்தக் காலின் பலம் மட்டும் போதாது. ஆகவே கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில், வண்டியின் ஓட்டத்தால் மெதுவாகச் சுழலும் தட்டு ஒன்றை வைத்தார்கள். பிரேக்கை மிதித்ததும் அத்தட்டு உராய்ந்து பிடித்து, பிரேக் கம்பிகளைத் தானே இழுக்கும். வண்டியின் வேகத்தைக் கொண்டே வண்டியை நிறுத்தும் இந்த ஏற்பாடு, 1919-ஆம் ஆண்டு ஹிஸ்பானோ ஸுயிஸா கார் காட்டிய வழியைப் பின்பற்றியது. 1955-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸில்வர் கிளவுட்' வரையிலும் இது நீடித்தது.

இதில் பராமரிப்பவர் நினைவில் வைக்கவேண்டிய அபாயம் ஒன்று உண்டு. அந்த உராய்வுத் தட்டு எண்ணெய் படாமல் இருக்கவேண்டும். ஆனால் அது இருப்பதோ எண்ணெய் நிறைந்த பெட்டியின் பக்கத்தில். இடையிலுள்ள ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் தட்டு வழுக்கும். பிரேக்கின் வலிமை குறையும். மற்றக் கார்களில் கியர்ப் பெட்டி கசிந்தால் தரை அழுக்காகும், அவ்வளவே. இந்தக் கார்களில் அந்தக் கசிவு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். காருக்கடியில் கிடக்கும் நாலு சொட்டு எண்ணெயைப் 'பழைய வண்டிதானே' என்று அலட்சியம் செய்வது தகாது.

பற்கள் மோதும் தொல்லையை ஒழிக்க முயன்றவர்களுள் சிறந்தவர் அமெரிக்கரான ஏர்ல் தாம்ஸன். பற்கள் கோக்குமுன் கூம்பு வடிவான இரண்டு பரப்புகள் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தும் முறையை அவர் கண்டார். 'ஸிங்க்ரோமெஷ்' எனப்படும் அம்முறையை 1928-ஆம் ஆண்டு காடிலாக் நிறுவனம் தன் காரில் அறிமுகம் செய்தது. 1932-ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸும் தன் மேல் கியர்களில் அதனை ஏற்றுக்கொண்டது.

இங்கே எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். இக்காலத்து லாரிகளுக்கும் கார்களுக்கும் விற்கப்படும் கனமான கியர் எண்ணெய்களில், மிகுந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் சில வகைகள் வெண்கலத்தையும் பித்தளையையும் அரிக்கவல்லவை. பழைய பெட்டிகளிலோ புதர்களும் கூம்பு வளையங்களும் பெரும்பாலும் வெண்கலத்தால் ஆனவை. மேலும், அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் கூம்புகள் உராய்ந்து பிடிக்கமாட்டா. கியர் மறுபடியும் கடிக்கத் தொடங்கும். விலை உயர்ந்த எண்ணெய் என்பதனால் மட்டும் அது பழைய பெட்டிக்கு ஏற்றது ஆகிவிடாது. நோய்க்குத் தக்க மருந்து என்பது போல, பெட்டிக்குத் தக்க எண்ணெய் வேண்டும்.

தாம்ஸன் அத்துடன் நிற்கவில்லை. கிளச்சும் வேண்டாம், கியர் மாற்றும் வேலையும் வேண்டாம் என்னும் நிலையை அடைய அவரும் அவருடைய குழுவினரும் ஜெனரல் மோட்டார்ஸில் பல ஆண்டுகள் உழைத்தனர். அதன் பயனே 'ஹைட்ரமாட்டிக்'. 1939-ஆம் ஆண்டு இறுதியில், 1940-ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது வந்தது. அடுத்த ஆண்டின் காடிலாக் கார்களிலும் இடம் பெற்றது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றால் மற்றதும் சுழலும் அல்லவா? அதுபோல எண்ணெயின் வழியாகச் சக்தியைக் கடத்தும் இணைப்பு ஒன்று அதில் உண்டு. அதனோடு, ஒரு நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் வலம் வரும் பற்சக்கரத் தொகுதிகளும் உண்டு. அவற்றைப் பிடித்து நிறுத்தும் பட்டைகளையும், பிணைக்கும் கிளச்சுத் தட்டுகளையும் எண்ணெயின் அழுத்தமே இயக்கும். வண்டியின் வேகத்தையும், காரோட்டி மிதிக்கும் அளவையும் வால்வுகள் ஒப்பிட்டு, நான்கு கியர்களுள் தக்கதைத் தாமே தேர்ந்துகொள்ளும்.

செல்வர் வீட்டுச் சௌகரியத்துக்காகப் பிறந்த இந்தச் சாதனம் விரைவிலேயே போர்க்களம் புகுந்தது. 1942-ஆம் ஆண்டு உற்பத்தியான அமெரிக்காவின் எம்-5 ஸ்டூவர்ட் என்னும் இலேசான டாங்கியில், இரண்டு காடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ரமாட்டிக் பெட்டிகளும் பொருத்தப்பட்டன. கியர் மாற்றும் கலையைப் புதிய சிப்பாய்களுக்குக் கற்பிக்க நேரமில்லாத காலம் அது.

அந்தக் கதை நம் நாட்டு எல்லையிலும் ஓர் அத்தியாயம் பெற்றது. 1948-ஆம் ஆண்டு காஷ்மீரில், லடாக்குக்குச் செல்லும் ஸோஜி லா கணவாயைப் பகைவர் மறித்திருந்தனர். கடல் மட்டத்துக்கு 11,500 அடி உயரத்தில் டாங்கிகள் ஏறி வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஜெனரல் திம்மய்யா எதிர்பாராததைச் செய்யத் துணிந்தார். ஏழாவது காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு ஸ்ரீநகர் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டன. கோவேறு கழுதைகள் நடந்த மலைத்தடத்தை வண்டி செல்லும் பாதையாக வெட்டித் திருத்தியவர்கள் மதராஸ் ஸாப்பர்ஸ் படையின் இரண்டு கம்பெனிகள். தென்னாட்டிலிருந்து சென்ற அந்த வீரர்கள் அமைத்த பாதையில், 1948-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி டாங்கிகள் கணவாயில் ஏறிப் பகைவரின் அரண்களைத் தகர்த்தன. ஒரு காலத்தில் அமெரிக்கச் சீமாட்டிகள் கடைவீதிக்குச் செல்லும் காருக்காக உருவான கியர்ப் பெட்டி, பனி மூடிய இமயத்தில் ஏறியது. ஊரை விட்டு வெளியூரில் பிழைக்கும் நமக்கு, நம்மவர் கைகள் எங்கெங்கு வழி சமைத்திருக்கின்றன என்பதை நினைப்பது பெருமை தருவதாகும்.

போர் முடிந்த பின்னர், ஹைட்ரமாட்டிக்கின் தகுதியை ரோல்ஸ் ராய்ஸும் ஒப்புக்கொண்டது. 1952-ஆம் ஆண்டு முதல் அப்பெட்டியைத் தன் கார்களில் அமைத்தது. பின்னர் உரிமம் பெற்றுக் க்ரூ நகரத் தொழிற்சாலையிலேயே அதனைத் தயாரித்தது. தன் பெருமையையே விற்ற நிறுவனம், மற்றொருவர் செய்தது சிறந்தது என்று கண்டபோது தயங்காமல் ஏற்றுக்கொண்டது. 1965-ஆம் ஆண்டு வந்த 'ஸில்வர் ஷாடோ' கார்களில், வலப்பக்கம் ஓட்டும் வகைகள் தொடக்கத்தில் பழைய நான்கு கியர்ப் பெட்டியையே கொண்டிருந்தன. 1968-ஆம் ஆண்டு எல்லாவற்றுக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர்ப் பெட்டி வந்தது. இந்தப் புதிய வகைக்கு உதிரிப் பாகம் தேடுவது எளிது. எண்ணற்ற அமெரிக்கக் கார்களில் அது இருந்தது. பழைய வகைக்கோ தேடுதல் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

நம் நாட்டில் அந்தப் பொறுமை வேறு வழியின்றியே வளர்ந்தது. 1928-ஆம் ஆண்டு பம்பாயில் கார்களைக் கோக்கத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், 1954-ஆம் ஆண்டு தன் தொழிற்சாலையை மூடியது. உள்நாட்டு உற்பத்தியை வளர்க்க அரசு கொண்ட கொள்கையின் விளைவு அது. வெளிநாட்டுப் பாகங்கள் அரிதாயின. 1971-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் இருபத்தாறாவது திருத்தத்தால் மன்னர் மானியமும் ஒழிந்தது. பல அரண்மனைக் கொட்டகைகளில் கார்கள் உறங்கத் தொடங்கின. விற்கப்பட்டவை சில, பாழானவை சில. மிஸ்திரி என்று வட நாட்டார் அழைக்கும் கைத்தொழிலாளர் தயவால் ஓடியவை சில. கடைசல் பட்டறையில் தண்டைக் கடைந்தும், தோலை வெட்டி ஆயில் சீல் செய்தும், பிரேக்கின் உராய்வுப் பட்டையைச் சீவிக் கியர்ப் பெட்டிக்குப் பொருத்தியும் அவர்கள் அந்த வண்டிகளை வாழவைத்தனர்.

ஓடும் வண்டியைவிட உறங்கும் வண்டிக்கே நோய் அதிகம். ஹைட்ரமாட்டிக் பெட்டி பல நாள் அசையாதிருந்தால், இணைப்பிலுள்ள எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தொட்டியில் சேரும். தொட்டியின் மட்டம் உயர்ந்து, தண்டைச் சுற்றியுள்ள சீல்களின் வழியே கசியும். ஈரம் காணாத ரப்பர் சீல்கள் இறுகிச் சுருங்கும். எண்ணெய் பிசினாகி வால்வுகளை ஒட்டவைக்கும். இத்தகைய காரில் எஞ்சினை நிறுத்தி வைத்து எண்ணெய் மட்டத்தை அளந்தால், அது மிகுதியாக இருப்பது போல் தோன்றி ஏமாற்றும். எஞ்சினைச் சூடேற்றி, கியர் எதிலும் சேராத நிலையில் அதனை ஓடவிட்டுக்கொண்டே அளப்பதே முறை.

பழுதுபார்க்கவும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் மணத்தையும் பார்க்கவேண்டும். கருத்துக் கருகிய வாடை வீசினால் பட்டையோ கிளச்சுத் தட்டோ எரிந்திருக்கிறது என்று அறியலாம். அடுத்து, மிதிகட்டையிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பியின் நீளத்தைச் சரிபார்க்கவேண்டும். அது சிறிது பிசகினாலும் கியர் குலுக்கலோடு மாறும், அல்லது காலம் தாழ்த்தி மாறும். பிறகு பட்டைகளின் இறுக்கம், அதன்பின் எண்ணெயின் அழுத்தம். இவ்வளவும் பார்த்தபின் குறை நீங்காவிட்டால்தான் பெட்டியைக் காரிலிருந்து இறக்கவேண்டும். நாடி பார்க்குமுன் வயிற்றைக் கீறும் வைத்தியரை நாம் விரும்பமாட்டோம். இறக்கிய பின்னும், ஒவ்வொரு பாகத்தையும் எடுத்த வரிசையிலேயே துணியின்மீது பரப்பி, குறிப்பு எழுதி வைப்பது நல்லது. வால்வுத் தொகுதியில் ஒரு நூலிழை ஒட்டினாலும் பெட்டி முரண்டு பிடிக்கும்.

இத்தனை தொல்லை எதற்கு, புதிய காரின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் மாட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. நம் நாட்டில் பல பெரிய கார்கள் டீசல் எஞ்சினும் வேற்றுக் கியர்ப் பெட்டியும் பெற்று இப்படித்தான் பிழைத்தன. அதைச் செய்தவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. பாகம் கிடைக்காத காலத்தில், குடும்பத்துக்கு வண்டி வேண்டியிருந்த நிலையில், அது ஒரு வழி. ஆனால் பாகம் தேடவும் செய்யவும் வசதியுள்ள இந்நாளில் அதே செயலை நியாயப்படுத்துவது கடினம். 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை வகுத்தது. வண்டி மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்று கூறும் அவ்விதி, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றின் மாறுதல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கியர்ப் பெட்டியின் பெயர் அங்கே தனியே காணப்படவில்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டியைக் காப்பது பெரிதும் உடையவரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாகிறது.

நேயர்களே, கார்களைக் காக்க இன்று இடங்கள் ஏற்பட்டுவிட்டன. அகமதாபாதை அடுத்த கட்வாடாவில் பெரியதொரு சேகரிப்பு உண்டு. உதயப்பூரில் மேவார் அரச குடும்பத்தின் பழைய கார்க் கொட்டகையே 2000-ஆம் ஆண்டு காட்சிச்சாலையாயிற்று. அவ்விடங்களில் வாழும் நம்மவர் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டலாம். ஆனால், அக்கார்களை ஓடவைத்த கைகளின் அறிவுக்குக் காட்சிச்சாலை இல்லை. எந்தக் கம்பியை எத்தனை திருகு திருப்பவேண்டும், எந்த ஓசை தேய்ந்த பேரிங்கின் ஓசை, எந்த ஓசை பல்லின் ஓசை என்பனவெல்லாம் முதிய மெக்கானிக்குகளின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களுள் பலர் எழுதிப் பழகாதவர். அவர்கள் மறையும்போது அந்த அறிவும் மறைகிறது.

அதைத் தடுப்பது அரசரால் மட்டும் ஆகும் காரியம் அன்று. தெருமுனைப் பட்டறையில் ஒரு முதியவர் பழைய பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தால், அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்தியிலோ வங்காளியிலோ மராத்தியிலோ அவர் கூறுவதை நம்மவர் தமிழிலும் எழுதி வைக்கலாம். இரண்டு மொழி அறிந்து வேற்றூரில் வாழ்பவர்க்கு இயல்பாக வாய்த்த பணி அது. காட்ஷ்பெர்க் ஏற்றத்தில் நின்றுபோன காரின் பாடத்தை நாம் இன்று அறிவது, அக்காலத்தவர் அதனை எழுதி வைத்ததனால்தான்.